டெல்லிக்குப் புறப்படும் மலை மக்கள் முதலில் மாதத்தையும் கிழமையையும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் விலகி சீசன் நெருங்கும்போது ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பேருந்து நிலையங்களை ஒட்டிய சுவர்களில் டெல்லி சுற்றுலா நோட்டீஸ்கள் முளைத்துவிடுகின்றன. படகர் ஊர்களான ஹட்டிகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அவையே சுற்றுகின்றன. 8 நாள், இத்தனை இடங்கள், ஆளுக்கு இவ்வளவு தொகை, மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு. எல்லாம் இருக்கும், எந்த இடத்தை எந்தக் கிழமையில் காட்டப்போகிறார்கள் என்பது மட்டும் இருக்காது. டெல்லிப் பயணம் பெரும்பாலும் பணக்குறைவால் கெடுவதில்லை. தவறான மாதத்தில் புறப்படுவதாலும், பூட்டியிருக்கும் நாளில் வாசலில் போய் நிற்பதாலும்தான் கெடுகிறது. நாட்டின் தலைநகரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று மாதாமாதம் பணம் சேர்க்கும் குடும்பங்கள் மலையில் நிறைய உண்டு. அவர்கள் செங்கோட்டையின் மூடிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

முதலில் மாதம். பள்ளி விடுமுறை என்ற ஒரே காரணத்துக்காகப் பலரும் மே மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மலையில் வாழ்பவர்களுக்கு அதைவிட மோசமான மாதம் இல்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லி 200 மீட்டரைச் சற்றே தாண்டிய சமவெளி. மே மாதப் பகல் வெப்பம் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சில நாட்களில் 45-ஐயும் தொடும். மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனல் காற்று வீசும். வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், உடலில் நீர் வற்றுவதே தெரியாது. அந்த வெயிலுக்கு உடல் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சுற்றுலாவே முடிந்துவிடும். மேடு பள்ளம் ஏறி இறங்கிய நம் கால்களுக்கு அங்கே நடப்பது ஒரு பொருட்டல்ல. ஆளைச் சாய்ப்பது, நிழலில்லாத கல்தரையில் வரிசையில் நிற்பதுதான்.

வேறு வழியில்லாமல் மே மாதத்தில் போகிறவர்கள் நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சூரிய உதயத்திலேயே திறந்துவிடும் குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை போன்றவற்றை காலை 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். 11 முதல் 5 வரை குளிரூட்டப்பட்ட அருங்காட்சியகங்களுக்குள் இருக்க வேண்டும். வெளியிடங்களுக்கு மறுபடி மாலையில் வரலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் தேவை. ஓ.ஆர்.எஸ். பொடியின் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதைப் பாதிப் பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிகுந்து தாகம்தான் கூடும். குழந்தைகளுக்கு அது ஆபத்தும்கூட. வெயிலில் நின்றவருக்கு உடல் கொதித்துப் பேச்சு குழறினால் 'கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்' என்று விடக்கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்துக்கொண்டே 112-ஐ அழைக்க வேண்டும்.

நவம்பர் வேறு விதமான சோதனை. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்தாள் எரிக்கும் புகை, தீபாவளிப் பட்டாசுப் புகை, நகரத்தின் வாகனப் புகை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. காற்றோட்டம் குறைந்து குளிர்ந்த காற்று தரையோடு படிவதால், மேலே போக வேண்டிய புகை மூடி போட்ட பாத்திரத்து ஆவியாக அடைபட்டுக் கிடக்கும். காற்றின் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்கிறார்கள். நவம்பரில் இரண்டுமே நடக்கும். நம் காற்றில் வளர்ந்த நுரையீரலுக்கு, குறிப்பாக ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு, இது விளையாட்டல்ல. குறியீடு ஏறினால் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை வரும். அட்வான்ஸ் கொடுத்த வேன் காலையில் வராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த மாதங்களில் வண்டி பேசும்போது இயற்கை எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வண்டியா என்று கேட்டுவிடுங்கள்.

டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். 'குளிர் நமக்குப் பழகியதுதானே' என்று கிளம்பிவிடுகிறார்கள். நம் உறைபனிக் காலத்தில் காலை 9 மணிக்கு வெயில் வந்துவிடும். டெல்லியில் சில நாட்கள் நண்பகல்வரை சூரியனே தென்படாது. தெற்கிலிருந்து போகும் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். அதிகாலை விமானங்கள் திசை திருப்பப்படும். ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு எதிரே நின்றும் தாஜ்மகாலைக் காண முடியாத காலைகள் உண்டு. ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைகளுக்காகக் 'கர்தவ்ய பத்' எனப்படும் கடமைப் பாதையைச் சுற்றிய சாலைகளும் அடிக்கடி மூடப்படும். ஜூலை, ஆகஸ்டில் மழையும் புழுக்கமும். சுதந்திர தின ஏற்பாடுகளுக்காக ஆகஸ்ட் 15-க்கு முன்பே செங்கோட்டையைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மிஞ்சுவது இரண்டே இரண்டு காலம்: பிப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. மலையில் யாருக்கு எது ஒத்துவரும் என்பது தொழிலைப் பொறுத்தது. சிறு தேயிலை விவசாயிகளுக்குப் பிப்ரவரிதான் சரி. பனியிலும் வறட்சியிலும் பச்சைத் தேயிலை வரத்து குறைந்திருக்கும். படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகையும் முடிந்திருக்கும். காட்டேஜ், டாக்சி, கடை என்று சீசனை நம்பியிருப்பவர்களுக்கும் ஏப்ரல் பிறக்கும் முன் உள்ள அந்த இடைவெளிதான் வாய்ப்பு. குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் தோட்டம் பொதுமக்களுக்காகத் திறந்திருப்பதும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான். முன்பு முகலாயத் தோட்டம் எனப்பட்ட அதற்கு 2023 ஜனவரியில் இந்தப் பெயர் வந்தது. ஊட்டி மலர்க் கண்காட்சியைப் பார்த்துப் பார்த்துக் கண் தேர்ந்த நம்மவர்கள் அங்கே டூலிப் பூத்த பாத்திகளைப் பார்க்காமல் வரக்கூடாது. பள்ளிக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குப் பிப்ரவரி ஒத்துவராது, தேர்வு நெருங்கியிருக்கும். அவர்கள் காலாண்டு விடுமுறையைப் பயன்படுத்த வேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் டெல்லியில் பருவமழை விலகும். புகை இன்னும் வந்திருக்காது. அரையாண்டு விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள். அது நேராக மூடுபனிக்குள் போய் விழும்.

அடுத்தது ரயில். கோவை வழியாகத் தினமும் ஓடும் கேரளா எக்ஸ்பிரஸ்தான் நமக்கு வசதி. இரவில் கோவையில் ஏறினால் 40 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி, மூன்றாம் நாள் பிற்பகல் புதுடெல்லி போய்ச் சேரும். கோவையிலிருந்தே புறப்படும் கொங்கு எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒருமுறைதான். அது புதுடெல்லி நிலையத்துக்குப் போகாது, ஹஸ்ரத் நிஜாமுதீனில் நின்றுவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போய், அன்றிரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடிக்கிறவர்களும் உண்டு. சென்னையில் ஒரு பகல் கிடைக்கும். ஆனால் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் அந்தப் பகலைக் கழிப்பது எளிதல்ல.

முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பழைய நினைவில் நான்கு மாதத்துக்கு முன் கவுண்டரில் போய் நிற்பதும் வீண், ஒரு மாதம் இருக்கும்போது தேடுவதும் வீண். சரியாக 60-வது நாள் காலை 8 மணிக்கு எடுக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. 20 பேர் போனால் நான்கு டிக்கெட். பெரியவரையும் அவரைப் பார்த்துக்கொள்பவரையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். இல்லையென்றால் ஒருவர் எஸ் 2-விலும் மற்றவர் எஸ் 9-லும் கிடப்பார்கள். காத்திருப்புப் பட்டியலில் ஜி.என்.டபிள்யூ.எல். (பொதுப் பட்டியல்) என்றிருந்தால் உறுதியாகும் வாய்ப்பு கூடுதல், ஆர்.எல்.டபிள்யூ.எல்., பி.கியூ.டபிள்யூ.எல். (இடைப்பட்ட நிலையங்களுக்கான பட்டியல்கள்) என்றிருந்தால் குறைவு. கோவை இடைப்பட்ட நிலையம் என்பதால் பின்னவைதான் அதிகம் விழும். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்பிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து ஏற முடியாது. தத்கலை நம்பிக் குழுவைக் கிளப்ப வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து அதை இணையத்தில் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கும் வேண்டும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது; பழைய கணக்கில் பணம் வசூலித்துவிட்டு, பிறகு கையைப் பிசைய வேண்டாம். பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவுக்குத் தலைமையாசிரியரின் கடிதத்தோடு சேலம் கோட்ட அலுவலகத்தை முன்கூட்டியே அணுக வேண்டும். கோவையும் மேட்டுப்பாளையமும் அந்தக் கோட்டத்தில்தான் வருகின்றன.

ஸ்லீப்பர் வகுப்பில் போர்வை தரமாட்டார்கள். பிப்ரவரியில் போபாலைத் தாண்டியதும் இரவு நன்றாகக் குளிரும். வீட்டுக் கம்பளியை எடுத்துச் செல்லுங்கள். மே மாதமானால் நாக்பூர் வட்டாரத்து வெயிலில் ஸ்லீப்பர் பெட்டி கொதிக்கும், மூன்றடுக்கு ஏ.சி. எடுக்க முடியாதென்றால் அந்த மாதப் பயணத்தையே தள்ளிவைப்பது நல்லது.

மலையிலிருந்து இறங்குவதையும் திட்டத்தில் ஒரு தனி வேலையாகச் சேர்க்க வேண்டும். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் குன்னூர்ச் சாலையின் பர்லியாறு வழியிலும் கோத்தகிரிச் சாலையின் குஞ்சப்பனை வழியிலும் மண் சரிந்து மரம் விழும். இரவு ரயிலுக்கு மதியமே இறங்கி, மேட்டுப்பாளையத்தையாவது கடந்துவிட வேண்டும். மலை ரயிலை இணைப்பாக நம்பவே கூடாது. மழைக்காலத்தில் பாதையில் பாறை விழுந்து அடிக்கடி ரத்தாகும். சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள் என்பதால் வழக்கமான நேரக் கணக்கு பொய்த்துவிடும். கோவையிலிருந்து நேரடி விமானத்தில் போகிறவர்கள் குளிர்காலத்தில் நண்பகலுக்கு மேல் டெல்லியில் இறங்கும் விமானமாகப் பார்த்து எடுங்கள். மூடுபனி கெட்டியாக இருப்பது விடியலை ஒட்டிய நேரத்தில்தான்.

இனி கிழமை. இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். டெல்லியில் திங்கட்கிழமை விடுமுறை விடும் இடங்கள்: செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில், ரயில் அருங்காட்சியகம், தீன்மூர்த்தியில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி கடைசி நாட்களில் தங்கியிருந்த காந்தி ஸ்மிருதி, இந்திரா காந்தி நினைவு இல்லம், அம்ரித் தோட்டம். வெள்ளிக்கிழமை: ஆக்ராவின் தாஜ்மகால், டெல்லி உயிரியல் பூங்கா. ஜும்மா மசூதியில் தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். வெள்ளி நண்பகலில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது மரியாதை. சாந்தினி சௌக்கில் ஞாயிறும், கரோல் பாக் சந்தையில் திங்களும் கடைகள் மூடியிருக்கும். எல்லா நாளும் திறந்திருப்பவை குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், இந்தியா கேட், தேசியப் போர் நினைவிடம், பங்களா சாஹிப் குருத்வாரா. அக்டோபர் 2 அன்று ராஜ்காட்டுக்குக் காலையில் போக வேண்டாம். தலைவர்கள் அஞ்சலி செலுத்த வருவதால் பாதுகாப்புக் கெடுபிடி இருக்கும்.

இதை வைத்துப் பார்த்தால், வியாழன் இரவு கோவையில் ஏறுவதுதான் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. சனி பிற்பகல் டெல்லி. குளித்துச் சாப்பிட்டு, மாலையில் இந்தியா கேட்டும் அதற்குப் பின்னால் உள்ள தேசியப் போர் நினைவிடமும். ஞாயிறு முழுவதும் கடமைப் பாதையை ஒட்டிய இடங்கள்: முன்பதிவு செய்த நேரத்தில் குடியரசுத் தலைவர் மாளிகை, பிறகு தேசிய அருங்காட்சியகம், நேரமிருந்தால் பிரதமர்கள் அருங்காட்சியகம். பல இடங்கள் மூடியிருக்கும் திங்களன்று தெற்கு டெல்லி: குதுப்மினார், ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் முருகன் கோயில், மாலையில் ஹுமாயூன் கல்லறையும் லோதி தோட்டமும். செவ்வாய் காலை செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், ராஜ்காட். மூன்று மணிக்கு மேல் யமுனையைத் தாண்டி அக்ஷர்தாம். புதன் அதிகாலை மூட்டை முடிச்சோடு ஆக்ரா, அங்கிருந்தே இரவில் கேரளா எக்ஸ்பிரஸ், வெள்ளி பகலில் கோவை. சனியும் ஞாயிறும் வீட்டில் ஓய்வு.

8 நாள் நோட்டீஸ்களில் இதற்கு மேல் மதுரா, பிருந்தாவன், ஹரித்வார் என்று அடுக்குகிறார்கள். போகவர ரயிலிலேயே மூன்றரை நாள் போய்விடும். மலையில் இறங்கி ஏறுவது தனி. மீதி நாலு நாளில் ஹரித்வாரையும் சேர்த்தால் டெல்லியை வண்டியின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும்.

ஆக்ராவைப் பற்றி ஒரு நுணுக்கம். திரும்பும் டிக்கெட்டைப் புதுடெல்லியிலிருந்து எடுத்து, ஏறும் நிலையத்தை மட்டும் ஆக்ரா கண்டோன்மென்ட் என்று மாற்றிக்கொள்ளலாம். ரயில் புதுடெல்லியில் புறப்படுவதால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் மாற்றிய பிறகு புதுடெல்லியில் ஏற உரிமை இல்லை. இதனால் ஆக்ராவுக்குப் போய், மறுபடி டெல்லிக்கு வந்து, அதே தண்டவாளத்தில் ஆக்ராவைக் கடக்கும் வீண் அலைச்சல் மிச்சம். காலையில் போக நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸும் புதுடெல்லியிலிருந்து போபால் சதாப்தியும் உண்டு. கதிமான் வெள்ளிக்கிழமை ஓடாது. பெட்டிகளை நிலையத்தின் பொருள் காப்பறையில் வைக்கலாம். பூட்டுப் போடாத பையை வாங்கமாட்டார்கள் என்பதால் ஆளுக்கொரு சிறு பூட்டு கொண்டுபோங்கள். தாஜ்மகாலில் இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், உள்ளே சமாதி மண்டபத்துக்கு மேலும் 200. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். டிக்கெட் 3 மணி நேரத்துக்கு மட்டுமே. உணவுப் பொருளும் பெரிய பையும் உள்ளே போகாது. புளிசாத மூட்டையோடு போய் வாசலில் விட்டுவிட்டு வருவோர் ஏராளம். பெட்ரோல், டீசல் வண்டிகள் வாசல்வரை வராது. கிழக்கு வாசலுக்கு ஷில்ப்கிராமில் இறங்கி பேட்டரி வண்டியில் போக வேண்டும்.

டெல்லியின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கெடுபிடி உண்டு. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு இணையத்தில் நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்தால்தான் அனுமதி. பதிவு செய்த பெயரும் கையில் உள்ள அசல் அடையாள அட்டையின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். பதிவில் ஒரு பெயர், ஆதாரில் முன்னெழுத்தோடு வேறு பெயர் என்றிருந்தால் வாயிலில் விளக்கம் சொல்லியே நேரம் போய்விடும். நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்துக்கு உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் இருவர் குதித்த சம்பவத்துக்குப் பிறகு கட்டுப்பாடு இறுகிவிட்டது. அனுமதி கையில் வராதவரை நோட்டீஸில் 'நாடாளுமன்றம்' என்று போடுவது நேர்மையல்ல. அக்ஷர்தாமில் செல்போன், கேமரா, பை எதுவும் உள்ளே போகாது, வாசல் காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். செல்போன் இல்லாத குழுவில் ஒருவர் பிரிந்துவிட்டால் தேடியே மாலை முடிந்துவிடும். உள்ளே போகும் முன் சேரும் இடத்தையும் நேரத்தையும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், ஒருவராவது கைக்கடிகாரம் கட்டியிருக்கட்டும். சாந்தினி சௌக் பிரதான சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 'வேன் கடை வாசலில் நிற்கும்' என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். குதுப்மினாரின் 72.5 மீட்டர் உயரத்தைக் கீழே நின்றுதான் பார்க்க முடியும். 1981-ல் உள்ளே நெரிசலில் பலர் இறந்த பிறகு ஏறுவதற்குத் தடை. பக்கத்திலுள்ள இரும்புத் தூணைப் பலரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1,500 ஆண்டுகளுக்கு மேல் வெட்டவெளியில் நின்றும் துருவேறாத அந்தத் தூணைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும்.

நீலகிரிக்காரர்கள் விடவே கூடாத இடம் தேசியப் போர் நினைவிடம். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தை வைத்திருக்கும் மாவட்டம் நம்முடையது. ராணுவத்தில் இருந்தவர்கள் இல்லாத ஊர் இங்கே அபூர்வம். சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் கருங்கல் சுவர்களில் வட்டவட்டமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரைத் தேடிச் சுவரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அறியத் தொடுதிரைகள் உண்டு. உறவினர் ஒருவரின் பெயரைத் தேடுவதாக இருந்தால் ரெஜிமென்ட் பெயரையும் வீரமரணம் அடைந்த ஆண்டையும் வீட்டிலிருந்தே குறித்துக்கொண்டு போங்கள். பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளில் 1987-ல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையும் இருக்கிறது. மாலையில் வீரர் ஒருவரின் குடும்பத்தார் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடக்கும். நுழைவு இலவசம். மற்ற இடங்களுக்கு ஒதுக்கும் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்காதீர்கள். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அதேபோல் தேசிய அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்தை முதலில் பாருங்கள். கால் ஓய்ந்த பிறகு அங்கே போனால் கண்ணில் எதுவும் ஏறாது.

ஆறு பேருக்குள் இருந்தால் மெட்ரோவே போதும். லால் கிலா, ஜும்மா மசூதி, அக்ஷர்தாம், சாந்தினி சௌக் எல்லாம் நிலையத்தின் பெயரிலேயே இருக்கின்றன. குதுப்மினார் நிலையம் மட்டும் பெயரை நம்பி இறங்கி நடக்கும் தூரத்தில் இல்லை, ஆட்டோ வேண்டும். ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கு. ஆண்கள் ஏறினால் அபராதம். காலை 9 முதல் 10.30 வரையும் மாலை 5.30 முதல் 8 வரையும் குழந்தைகளோடு ஏறாதீர்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் டெம்போ டிராவலர். வாடகை பேசும்போது எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், அதைத் தாண்டினால் என்ன கட்டணம், பார்க்கிங், டோல், மாநில நுழைவு வரி, ஓட்டுநர் படி யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் கடைசி நாள் காலையில்தான் தகராறு வரும். அப்போது ரயிலுக்கு நேரமாகியிருக்கும், கேட்டதைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

புதுடெல்லி நிலையத்துக்கு இரண்டு பக்கம்: முதல் நடைமேடைப் பக்கம் பஹார்கஞ்ச், 16-ம் நடைமேடைப் பக்கம் அஜ்மீரி கேட். மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம். வெளியே வந்ததும், 'உங்கள் ஓட்டல் மூடிவிட்டது', 'அந்தச் சாலையில் கலவரம்', 'ரிசர்வேஷன் அலுவலகம் வேறு இடத்துக்குப் போய்விட்டது' என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லுகிறவர்கள் வருவார்கள். அழைத்துப்போகும் இடத்தில் 'அரசு சுற்றுலா அலுவலகம்' என்று பலகையே தொங்கும். அது தனியார் கடை. பதில் பேசாமல் நடந்துவிடுங்கள். ப்ரீபெய்டு ஆட்டோவில் ஏறினால் அந்த ரசீதை இறங்கும்வரை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டாம். இந்தி தெரியாதவர்கள் ஓட்டல் முகவரியை இந்தியில் எழுதிய சீட்டு ஒன்றை ஒவ்வொருவர் பையிலும் வைக்க வேண்டும், வயதானவர்கள் பையில் குழுத் தலைவரின் எண்ணையும் சேர்த்து. வண்டி ஓட்டுநர் 'வழியில் அரசு எம்போரியம், பத்து நிமிடம்' என்றால் அது கமிஷனுக்காக. பத்து நிமிடம் ஒன்றரை மணியாகும், செங்கோட்டையில் அந்த ஒன்றரை மணி குறையும்.

தங்குவதற்குக் கரோல் பாக் பகுதி நமக்கு வசதி. மெட்ரோ பக்கம், நம் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். தமிழ்நாடு இல்லம் அரசு வேலையாக வருபவர்களுக்கானது, எல்லோருக்கும் அறை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அறை எடுக்க ஒவ்வொரு பெரியவருக்கும் முகவரி உள்ள அசல் அடையாள அட்டை கேட்பார்கள்; பான் கார்டு செல்லாது. அறை கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணிக்கு முடிகிறதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பங்களா சாஹிப் குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு போனால், யாராக இருந்தாலும் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். தலைநகரில் குழந்தைகள் பார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

சுற்றுலா நடத்தும் நம் மலை ஊர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்டீஸில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே தேதியையும் கிழமையையும் அச்சிடுங்கள். எது உள்ளே போய்ப் பார்ப்பது, எது வெளியே நின்று பார்ப்பது என்று பிரித்துப் போடுங்கள். ரயில் வகுப்பு, நுழைவுக் கட்டணம் தொகையில் சேர்ந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். பணம் கட்டுகிறவர்களும் இவற்றைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பிப்ரவரி நடுவில் புறப்பட வேண்டுமென்றால் டிசம்பர் நடுவில் முன்பதிவு திறந்துவிடும். அதற்குள் ஆட்களும் அடையாள அட்டை விவரங்களும் தயாராக இருக்க வேண்டும். எனவே தங்கள் நாளிதழின் கோவை, நீலகிரிப் பதிப்புகளில் இக்கடிதத்தை நவம்பர் முடிவதற்குள் வெளியிட்டு உதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பயணக் குழுக்களுக்கு வழிகாட்டும் வாசகர்கள் சிலர்,
கோத்தகிரி.